சத்தம் அடங்காத கேக்

சேந்தமங்கலத்தில் பேக்கரி நடத்திய அப்புசாமி, மீசை அரும்பிய நாளிலிருந்து கேக்கின் பதத்தைக் காதால்தான் பார்த்தார். அடுப்பிலிருந்து எடுத்ததும் காதருகே பிடிப்பார். உள்ளே சீறல் கேட்டால் இன்னும் வேக வேண்டும்; சத்தம் அடங்கினால் வெந்துவிட்டது.

1978ஆம் வருடக் கடைசியில், புத்தாண்டுக்குச் சுட்ட ஒரு கேக் மட்டும் ஆறிய பிறகும் அடங்கவில்லை. மனைவி பாவாயியிடம் நீட்டினார்.

"ஏனுங்க, நீங்க தூங்கறப்ப உடற மூச்சாட்டவே இருக்குதுங்க."

சிரித்துக்கொண்டே அவர் நெஞ்சிலும் காதை வைத்தாள். அங்கே ஒரு சத்தமும் இல்லை.

"என்ன புள்ளெ, நான் வெந்துட்டனா?" என்றார் அப்புசாமி, கேக் வெட்டும் கத்தியைத் துடைத்தபடி.

"இன்னும் இல்லீங்க" என்றாள் பாவாயி. வெட்ட விடாமல் அந்தக் கேக்கை எடுத்து முந்தானையில் பொதிந்துகொண்டாள். மடியில் அது மெல்ல ஏறி இறங்கியது.