கத்திரி வெயிலில் காய்த்த அவரை

வேலூர் வெயிலில் அவரைப் பூ நிற்காது. மொட்டிலேயே கருகி உதிர்ந்துவிடும். எஸ்தரின் மொட்டை மாடியில் மட்டும் நின்றது. கோடைதோறும் தப்பிப் பிழைத்த கொடியில் விதையெடுத்து, அடுத்த கோடையில் மறுபடி ஊன்றி, பல வருடம் பாடுபட்டு அவள் தேற்றிய கொடி அது. காய்க்கத் தொடங்கியதும் முதல் விதையை எதிர்வீட்டுக் குமுதாவுக்குத்தான் கொடுத்தாள். அப்படி ஒரு சிநேகம்.

சித்திரையில் பயிர்ப் பதிவு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். ஓர் இலையைக் கிள்ளிக் கருவியில் வைத்தார்.

"இந்த ரகம் வேறொருத்தர் பேர்ல பதிவாயிருக்கும்மா. நீங்க வளர்க்கக் கூடாது. பிடுங்கியாகணும்."

"யார் பேர்ல?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். குமுதாவின் படம் சிரித்துக்கொண்டிருந்தது.

எஸ்தர் அந்த அலுவலரைத் தொடவிடவில்லை. பந்தலில் பின்னியிருந்த கொடியைத் தானே அவிழ்த்து, வேரோடு பிடுங்கினாள். காலடியில் உதிர்ந்த பிஞ்சுகளைக்கூட விடாமல் அவர் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

சற்று நேரத்தில் குமுதா மாடியேறி வந்தாள்.

"நான் பதியலைன்னா வேற எவனாவது பதிஞ்சிருப்பான்க்கா. எப்ப வேணா என் மாடிக்கு வந்து பறிச்சுக்கோங்க, வேணாம்னா சொல்லப் போறேன்?"

எஸ்தர் குந்தி உட்கார்ந்து, பந்தலடியில் சிதறிக் கிடந்த இலைகளை அள்ளினாள்.

"ரகத்துக்கு உங்க பேரைத்தான் வச்சிருக்கேன்க்கா. எஸ்தர் அவரைன்னு."

எஸ்தர் எழுந்துபோய் மாடிக் கதவை அகலத் திறந்து, குமுதா இறங்கிப் போகும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.