விடுபட்ட வரி

“பொய் ஒண்ணும் இல்லேல்லா தங்கச்சி? பெறவு ஏன் தயங்குத?” என்றான் கொம்பையா. தகடு அறுத்த அவன் வலக்கையில் பெரிய கட்டு. மண்ணூர் வாடகை அறைக்குக் கம்பெனியிலிருந்து வந்த ஆங்கில விபத்து அறிக்கையில் அவன் கைநாட்டு வைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு ஜோதி மறுபடியும் தமிழில் சொன்னாள். “கொம்பையா க்ளவுஸ் போடாம தகடு தூக்கினாரு. லைன்ல மத்த அஞ்சு பேரும் போட்டுகினு இருந்தாங்க.”

“நெசந்தானே!”

“பர்மனென்ட் ஆளுங்களுக்கு மட்டுந்தான் க்ளவுஸ் குடுத்தாங்க, கான்ட்ராக்ட்டுக்குக் குடுக்கலன்னு இதுல எங்கண்ணா கீது? படிக்கிறவன், நீதான் அலட்சியமா போடலன்னு நெனச்சுக்குவான். நஷ்டஈடு வராது.”

கொம்பையா காகிதத்தைக் குனிந்து பார்த்தான். “எந்தப் பாவி இப்படி எழுதினான்?”

ஜோதி தலைகுனிந்தாள். “கம்பெனி ஆபீஸ்ல வேல பாக்குற நான்தாண்ணா எழுதினேன்.”

அவன் இடக்கையால் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

“அப்போ அந்த ஒரு வரியையும் நீயே சேத்து எழுதித் தாயேன், தங்கச்சி.”