துரைக்கு ஒரு படுக்கை

மலாயாவில் அவசரகாலம். மம்பாவ் பக்கம் கம்யூனிஸ்டுகள் காரைச் சுட்டபோது, டிரைவர் சன்னாசியைச் சாகவிட்டு ஓடிவந்த வீரர் எங்கள் தோட்டத்துத் துரை. மறுவாரமே சீமைக்கு லீவு போட்டார். மார்சேயில் கப்பலிறங்கி பாரீசுக்குப் போகும் இரவு ரயிலில் ஒரு படுக்கை கேட்டு, தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி கணேசமூர்த்தி ரயில் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். இரண்டு சீட்டு வந்தது. கீழ்ப்படுக்கை துரைக்கு, மேல்படுக்கை சன்னாசிக்கு.

துரை குதித்தார். "மடையன்! செத்தவன் பேரு இன்னும் செக்ரோல்ல இருக்கா? மறுபடி தப்பு வந்தா உனக்கு வேலை இல்லை!"

செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் சன்னாசி பெயரைத் துரையே சிவப்பு மையால் அடித்தார். அவர் சொல்லச் சொல்லக் கிராணி மறுபடி எழுதினார்.

ஒரே சீட்டு வந்தது, சன்னாசி பெயரில்.

"இந்தவாட்டி சரியா ஒண்ணுதாங்க வந்திருக்கு, தொரை," என்றார் கிராணி.

துரை அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஓடுகிறவனுக்குப் பெயர் ஒரு கேடா!