ஆளில்லாத தீவு

நாடாளுமன்றக் கேள்வி நேரத்தில் வெளியுறவு மந்திரி எழுந்தார். முயல்திட்டுத் தீவை ஒப்பந்தப்படி அடுத்த நாட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது, இந்த நிமிஷம் முதல் அது அவர்களுடையது என்றார்.

"அங்கே குடியிருக்கிறவர்கள்?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார்.

"ட்ரோன் விட்டு எண்ணினோம். ஒரு ஈ காக்கா இல்லை" என்று மந்திரி சிரித்தார்.

அந்தத் தீவில் உலையில் அரிசி போட்டபடி போனில் இதைப் பார்த்த பிரகாசி அகப்பையைத் தரையில் அடித்தாள். மாதா கோயில் தேரன்று தீவே வீட்டைப் பூட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்விடும். கைக்குழந்தைகூட மிஞ்சாது. அன்றைக்குப் போய் எண்ணியிருக்கிறார்கள்.

"சாமி கும்பிடப் போனா வீடு போயிருமாடா, நாசமாப் போறவனே!"

வெளியே ஓடி வந்தாள். பிடித்த மீனோடு திரும்பிக்கொண்டிருந்த புருஷன் மிக்கேலின் வள்ளம், கரைக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றிருந்தது. எல்லை தாண்டினால், அரசு மாட்டிவிட்ட கருவி எந்த வள்ளத்தின் எஞ்சினையும் தானாக அணைத்துவிடும்.

"ஏளா, எஞ்சின் செத்துப்போச்சு!"

"இது இப்ப வேற நாடாம்! நீரு வரக்கூடாதாம்!"

"என் வீட்டுக்கு நான் வர எவன்டீ சீட்டுக் கொடுக்கணும்?" என்று மிக்கேல் கடலில் குதித்து நீந்தினான். அவன் கால் மணலில் பட்டதும் தலைக்கு மேல் வந்து நின்ற, ஆள் எண்ணிய அதே ட்ரோன் நல்ல தமிழில் அறிவித்தது:

"அத்துமீறி நுழைந்தவர், ஒருவர்."

"இப்ப மட்டும் கண்ணு தெரியுதோ?" என்று பிரகாசி குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரி அதன்மேல் தூற்றினாள்.