உரத்தொட்டியில் முளைத்தது

டீச்சர் மண்தொட்டியின் மூடியில் கை வைத்ததும், தையல்காரர் சர்க்கரை இல்லாத காபியை வாய்வரை கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டார்.

பால்கனியில் நல்ல கூட்டம். சமையலறைக் கழிவை நாற்றமில்லாமல் உரமாக்குவது எப்படி என்று டீச்சரிடம் கற்றுக்கொள்ள அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். பக்கமெல்லாம் காற்றுத்துளை உள்ள, நிறைந்ததும் மூடிவைத்த தொட்டி, பக்குவமாகி இன்றுதான் முதல்முறையாகத் திறக்கப்போகிறது.

தையல்காரர் கதவுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு மனைவியின் கையையே பார்த்தார். அந்தத் தொட்டிக்குள் உரம் மட்டும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

மாங்கொட்டைகளும் இருந்தன.

அவருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன அன்றே, டீச்சர் வீட்டிலிருந்த இனிப்பு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நீங்கள் தொடாத இனிப்பு எனக்கும் வேண்டாம், பழம்கூட வேண்டாம் என்று கணவர் தலையில் அடித்துச் சத்தியமும் செய்தார். தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைக்கும்!

கண் கலங்கிய அதே மனிதர்தான் மாம்பழக் காலம் வந்ததும் கடையின் பின்பக்கம் போய், சாறு சட்டையில் சொட்டாமலிருக்க ஒரு வெட்டுத்துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, பழத்தைச் சப்பித் தீர்த்தார்.

பழம் போயிற்று. கொட்டை கையில் நின்றது.

வேறு யாராக இருந்தாலும் தெருவில் வீசிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போயிருப்பார்கள். இவர் டீச்சரின் புருஷன். மக்கும் குப்பை ஒரு வாளி, மக்காத குப்பை ஒரு வாளி, கண்ட இடத்தில் போடுகிறவன் மனுஷனே இல்லை என்று வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு ஊறிப்போன உடம்பு. கடைக் கூடையில் போடலாமென்றால், அதில் துணி மட்டும்தான் போகலாம். அதுவும் டீச்சர் போட்ட சட்டம்.

சத்தியத்தை மீற முடிந்தது. கொட்டையைக் கண்ட இடத்தில் எறியத்தான் கை வரவில்லை.

எனவே ஒவ்வொரு கொட்டையையும் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்தார். டீச்சர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, யாரும் திறக்காத இந்தத் தொட்டியில் புதைத்தார். காகிதத்தையும் கிழித்து உள்ளேயே போட்டார். அதுவும் மக்கும் அல்லவா?

எல்லாம் மக்கும் என்றுதான் நினைத்தார். முளைக்கும் என்று நினைக்கவில்லை.

மூடி திறந்தது. நாற்றம் துளியும் இல்லை. பெண்கள் ஆகா என்றார்கள். கறுகறுவென்றிருந்த உரத்தின் நடுவே, செம்பு நிறக் கொழுந்துகளோடு மாங்கன்றுகள் எட்டிப் பார்த்தன.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்துகிறவர். நடைப்பயிற்சியில்கூட நின்று நின்று, காலில் மிதிபடும் புல்லுக்கெல்லாம் குலம் கோத்திரம் சொல்லுவார். அவரிடம் போய் எதை மறைப்பது?

டீச்சரின் பார்வை கன்றுகளிலிருந்து மெல்லக் கதவுக்கு வந்தது. தையல்காரர் கதவுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினார். பேசாமல் காலில் விழுந்துவிடலாமா என்று யோசித்தார். மன்னித்துவிடுவாள். ஆனால் தனக்காக வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறவளின் முகத்தில் இனி எப்படி விழிப்பது? வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அந்த நேரம் பார்த்து மாடிவீட்டு அம்மா தொட்டியின் மறுஓரத்தில் கைவிட்டார். அங்கே மாங்கன்றுகளோடு சேராத இன்னொரு கூட்டம், பளபளவென்ற பச்சை இலைகளோடு நின்றது. ஒன்றைப் பிடித்து இழுத்தார். வேரோடு வந்தது. வேரில் விதையும் ஒட்டிக்கொண்டு வந்தது, கொழுகொழுவென்று.

“இது என்ன டீச்சர், பலாக்கொட்டை மாதிரி இருக்கு?”

புல்லுக்குக் குலம் கோத்திரம் சொல்லும் டீச்சர் அந்த விதையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அது ஏதோ களைங்க. எல்லாமே களைதான்.”

சொன்ன வேகத்தில் மாங்கன்றுகளையும் சேர்த்துப் பிடுங்கி, உரத்துக்குள் அமுக்கி, மூடியைப் போட்டார். கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. பின்னாலிருந்து பார்த்தபோது காது மட்டும் சிவந்திருந்தது.

தையல்காரர் மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்தார். இத்தனை நாளில் முதல்முறையாக அது நன்றாக இருந்தது.

பலாப்பழம் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. வாசனை பட்டாலே தலைவலி வந்துவிடும்.

அந்த வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.