பொந்துக்கு ஒரு நிபந்தனை

ஒரு காட்டில் இருந்த மரங்கொத்தி, தான் குடைந்த பொந்துகளையெல்லாம் மற்ற பறவைகளுக்கே விட்டுவிடும். "யாரும் குடியிருக்கலாம், பெரிசாக்கலாம். வாசலை மட்டும் அடைக்கக் கூடாது" என்பதுதான் அதன் நிபந்தனை. முன்பு ஒரு மைனா வாசலில் குச்சியைத் திணித்துவிட்டு, பொந்தே தன்னுடையது என்று சாதித்திருந்தது.

முட்டையிடும் நாள் நெருங்கிய ஓர் இருவாச்சிப் பறவை வந்தது. நிபந்தனையைக் கேட்டதும் அதற்கு முகம் வாடிவிட்டது.

"அண்ணே, நான் உள்ளே இருந்துக்கிட்டு, இரை வாங்க ஒரு சின்ன ஓட்டை விட்டு வாசலைச் சேறு பூசி அடைச்சாத்தான் பாம்பு கீம்பு வராம எங்க குஞ்சு பிழைக்கும். நான் வேற மரம் பாத்துக்கறேன்."

"அடைச்சிட்டா அப்புறம் யாருக்கும் கிடைக்காதே?"

"குஞ்சு பறந்ததும் உடைச்சிட்டுத்தான் போவோம்."

மரங்கொத்தி இருவாச்சியின் கனத்த வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

"போறப்ப திறந்துவிட்டாப் போதும். உள்ளே போ தாயி" என்றது.

பிறகு ஓடைக்குப் பறந்துபோய், முதல் வாய்ச் சேற்றைத் தானே கொண்டுவந்தது.