சனிக்கிழமைத் துண்டு

பேக்கரிக்கார ஹாஷிம் கள்ளன் என்ற கதையை நிக்கலஸ் ஏழு வருடமாக முழுதாக நம்பவில்லை. ஆனால் கொட்டாஞ்சேனை முழுக்க அதைச் சொல்லித் திரிந்தவர் அவர்தான்.

நடந்தது இதுதான்.

நிக்கலஸ் துறைமுகத்தில் கிளார்க். மனைவி றஞ்சிதம் ரீச்சர். காலையில் இரண்டு பேருக்கும் சமைக்க நேரமில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் றஞ்சிதம் கரட், லீக்ஸ், கோவா என்று மரக்கறி எல்லாவற்றையும் சீவி, ஒன்பது முட்டை அடித்து ஊற்றி, கொஞ்சம் மாவும் மிளகும் சேர்த்து ஒரு தட்டத்தில் பரப்புவாள். வீட்டில் கேக் சுடுகிற அவண் இல்லை. பின்னேரம் பாண் சுட்டு இறக்கிய பிறகு ஹாஷிமின் பேக்கரி அடுப்பான போறணையில் தட்டத்தைக் கொடுத்து வேகவைத்து எடுப்பாள். அந்த ஒழுங்கையில் இருந்த வீடுகள் எல்லாம் அப்படித்தான்.

தட்டத்தில் பன்னிரண்டு துண்டு. ஆளுக்கு ஒன்று வீதம் திங்கள் முதல் சனி வரை மத்தியானச் சாப்பாடு முடிந்தது.

ஒரு ஞாயிறு நிக்கலஸ் கோயில் சபைக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து மூடியைத் திறந்தார். பத்துத் துண்டுதான் இருந்தது.

"எங்க மற்ற ரெண்டும்?"

"பேக்கரியில எடுத்திருப்பினம்" என்றாள் றஞ்சிதம்.

அடுத்த ஞாயிறும் பத்து. அதற்கடுத்த ஞாயிறும் பத்து. இரண்டு சனிக்கிழமை கடை ரொட்டி தின்ற மனிதருக்குக் கோபம் வராதா? தட்டத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"பாவம், விடுங்கோ" என்றாள் றஞ்சிதம்.

"கள்ளனுக்கு என்ன பாவம்?"

பேக்கரியில் நாலு பேர் நின்றார்கள். நிக்கலஸுக்கு அது வசதியாகப் போயிற்று.

"ஹாஷிம், இதில ரெண்டு துண்டு எங்க?"

ஹாஷிம் தட்டத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பின்னாலேயே ஓடி வந்த றஞ்சிதம் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"நான்தான் சேர் எடுத்த."

"ஏன்?"

"பசி சேர்."

அவருக்குப் பின்னால் நூற்றைம்பது றாத்தல் பாண் அடுக்கியிருந்தது.

"வெக்கமில்லையோ உமக்கு?"

"வெக்கம் ஈக்குது சேர். இனி ஒங்கட தட்டத்துக்கு நான் சல்லி எடுக்க மாட்டன். அந்த ரெண்டு துண்டயும் கூலின்டு நெனச்சிக்கோங்க."

நிக்கலஸ் ஒப்புக்கொண்டார். ஒழுங்கையில் வேறு போறணை இல்லை. அடுத்த பூசை முடிந்ததும் கோயில் வாசலில் விசயத்தைச் சொன்னார். அந்த வருட நத்தார்ப் பண்டிகைக்கு ஒழுங்கையில் ஒருவரும் ஹாஷிமிடம் கேக் கொடுக்கவில்லை. தட்டத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் ஏறி வேறிடம் போனார்கள். ஹாஷிமோ நிக்கலஸைக் கண்டால் முன்போலவே "சேர்" என்றார்.

அதுதான் நிக்கலஸை அரித்தது. இன்னொன்றும் அரித்தது.

சூட்டோடு வெட்டினால் அந்தச் சாமான் உதிரும். ஒருமுறை அவரே பொறுமையில்லாமல் வெட்டி, கரண்டியால் அள்ளித் தின்று, றஞ்சிதத்திடம் ஏச்சும் வாங்கியிருக்கிறார். ஒரு மணித்தியாலமாவது ஆறவேண்டும். போறணையால் இறங்கிய கையோடு தட்டம் வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் காணாமல்போன துண்டுகள் இருந்த இடத்தின் விளிம்போ அடிமட்டக் கோல் வைத்து வெட்டினதுபோல இருந்தது.

வெட்டினவர் தட்டத்தை ஆறவிட்டு, ஆறுதலாக இருந்து வெட்டியிருக்கிறார்.

இதை அவர் பஸ்ஸில் யோசித்தார், துறைமுகக் கந்தோரில் யோசித்தார், செபமாலை சொல்லும்போதும் யோசித்தார். றஞ்சிதத்திடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள்.

எழுபத்தொன்பதில் கடைகளில் வெளிநாட்டு அவண் வந்தது. நிக்கலஸ் ஒன்று வாங்கினார். சோதிக்கத்தான் வாங்கினார் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

முதல் ஞாயிறு. தட்டம் வீட்டிலேயே வெந்தது. நிக்கலஸ் வழமைபோல சபைக் கூட்டத்துக்குப் போனார். அன்று ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி பிரித்துக் கொடுத்தார்கள். திரும்பி வந்து மூடியைத் திறந்தார்.

"றஞ்சிதம்."

"ம்."

"பத்துத் துண்டுதான் கிடக்கு."

"ஓம்."

"ஹாஷிம் இஞ்ச வந்தவரோ?"

றஞ்சிதம் ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி துடைத்தாள்.

"புது அவண்தானே. சுருங்கும்."

நிக்கலஸ் கதிரையில் இருந்தார். ஹாஷிமின் பாண் சைக்கிள் ஞாயிறு பின்னேரங்களில் கிராண்ட்பாஸ் பக்கம் போவது அவருக்குத் தெரியும். அங்கே நிக்கலஸின் ஒரே தங்கச்சி கொன்ஸ்ரன்ஸ் இருந்தாள். ராசிக் என்ற தையற்காரனைக் கலியாணம் முடித்துக்கொண்டு போனவள். அவளுடைய பேர் இந்த வீட்டில் எடுபடக்கூடாது, இந்த வீட்டிலிருந்து ஒரு பிடி சோறும் அங்கே போகக்கூடாது என்று வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சொன்னவர் நிக்கலஸ்.

இனிக் கோயில் வாசலில் வேறு கதை சொல்லவேண்டும். கள்ளன் என்றதை ஒரு பூசையில் நம்பிய சனம், இல்லை என்றதை எத்தனை பூசையில் நம்பும் என்று தெரியவில்லை.

றஞ்சிதம் துணியைப் பிழிந்துகொண்டு நின்றாள். என்ன வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாரான முகம்.

நிக்கலஸ் தொண்டையைச் செருமினார்.

"கொன்ஸ்ரன்ஸுக்கு இப்ப மூண்டு பிள்ளையள் எண்டு கேள்வி. ரெண்டு துண்டு போதுமோ, றஞ்சிதம்?"